ஃபெர்மியான் நிறை உறுப்பு கேஜ் மாறாமைக்கு உட்படுகிறதா? கையால் சரிபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

எலக்ட்ரானுக்கு நிறை உண்டு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அடிப்படைத் துகள்களை விளக்கும் ஸ்டாண்டர்டு மாடலின் லக்ராஞ்சியனில், அதாவது கோட்பாட்டின் இயக்க விதிகளைத் தரும் கோவையில், அந்த நிறையை நேரடியாக ஓர் உறுப்பாக எழுதிவிட முடியாது. ஏன் என்று கேட்டால், முதுகலை மாணவர்களில் பெரும்பாலோர் "கேஜ் மாறாமை நிறையை அனுமதிக்காது" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார்கள். அந்த வரி பாதி தவறு. கேஜ் மாறாமை (ஒவ்வொரு புள்ளியிலும் தனித்தனியே புலங்களை மாற்றினாலும் கோட்பாடு மாறாதிருப்பது) மட்டும் ஃபெர்மியான் (எலக்ட்ரான், குவார்க் போன்ற பருப்பொருள் துகள்) நிறையைத் தடுப்பதில்லை. ஒரே துகளின் இரு கைத்தன்மைப் பகுதிகளான இடக்கைப் புலத்துக்கும் வலக்கைப் புலத்துக்கும் வெவ்வேறு கேஜ் மின்னூட்டங்கள் இருந்தால்தான் அது தடுக்கும். இந்த வேறுபாடு மனத்தில் நிற்க வேண்டுமானால், எந்த நிறை உறுப்பையும் சரியான வரிசையில் ஒருமுறை தாமே சோதித்துப் பார்க்க வேண்டும். கீழே உள்ள படிகள் அதற்காகத்தான். வரிசையை மாற்றாதீர்கள், ஏனெனில் நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை மூன்றாம் படியைத் தாண்டி ஒன்பதாம் படிக்குக் குதித்ததால் வந்தவை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

டிராக் ஸ்பினார், காமா அணிகள், காமா-5 ஆகியவற்றின் அடிப்படை விதிகள் தெரிந்திருக்க வேண்டும். பௌலி அணிகளைப் பெருக்கத் தெரிந்தால் போதும். குழுக் கோட்பாட்டை முழுதாகக் கற்றுவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை.

குறியீடுகளை முன்கூட்டியே முடிவு செய்துகொள்வோம். இடக்கை எலக்ட்ரான் புலத்தை எ-இ என்றும் வலக்கை எலக்ட்ரான் புலத்தை எ-வ என்றும் குறிக்கிறேன். இடக்கை நியூட்ரினோவும் எ-இயும் சேர்ந்த டப்ளெட் லெ. இடக்கை மேல் குவார்க்கும் கீழ் குவார்க்கும் சேர்ந்த டப்ளெட் கு. வலக்கை மேல் குவார்க் மே-வ, வலக்கைக் கீழ் குவார்க் கீ-வ. ஹிக்ஸ் டப்ளெட் ஹி. ஒரு புலத்தின் ஹெர்மிஷியன் இணையைக் காமா-0 அணியால் பெருக்கினால் கிடைப்பது அதன் பார்.

2. மின்காந்தவியலில் ஓர் ஒத்திகை

எலக்ட்ரானும் ஒளித்துகளும் மட்டுமே உள்ள குவாண்டம் மின்னியக்கவியலில் தொடங்குங்கள். கேஜ் மாற்றத்தின்போது எலக்ட்ரான் புலம் ஒரு கட்டத்தால் (phase, அளவு 1 உள்ள கலப்பெண்) பெருக்கப்படுகிறது. அதன் பார் அதே அளவு எதிர்க்கட்டத்தால் பெருக்கப்படுகிறது. நிறை உறுப்பில் இரண்டும் ஒரே புள்ளியில் பெருக்கப்பட்டு நிற்பதால் கட்டங்கள் நீங்கிவிடுகின்றன. ஆகவே இங்கே நிறை உறுப்பு முழுமையாகக் கேஜ் மாறாதது.

இந்த இடத்தில் பலர் கோவேரியன்ட் வகைக்கெழுவை (கேஜ் புலத்தையும் சேர்த்த வகைக்கெழு) இழுத்து வந்து இரண்டு பக்கம் கணக்குப் போடுகிறார்கள். அது தேவையில்லை. வகைக்கெழு இல்லாத உறுப்பில், கட்டம் இடத்துக்கு இடம் மாறினாலும் மாறாவிட்டாலும் விளைவு ஒன்றுதான். வகைக்கெழுவைக் கவனிக்க வேண்டியது, புலத்தின் வகைக்கெழு வரும் இயக்க உறுப்பில் மட்டுமே.

ஒளித்துகளின் நிறை வேறு கதை. கேஜ் புலம் ஒரு கட்டத்தின் வகைக்கெழு அளவுக்கு நகர்வதால் அதன் இருபடி மாறிவிடும். எனவே கேஜ் போசான் நிறையைக் கேஜ் மாறாமை தானாகவே தடுக்கிறது. ஃபெர்மியான் நிறையும் இதே காரணத்தால்தான் தடுக்கப்படுகிறது என்று எழுதும் விடைத்தாள்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். இரண்டும் ஹிக்ஸ் புலத்தால் தீர்கின்றன என்பதால் தடையும் ஒன்றே என்று ஆகிவிடாது.

3. நிறை உறுப்பைக் கைத்தன்மைப்படி பிரித்தல்

இடக்கை வீழல் அணி என்பது ஒன்றிலிருந்து காமா-5ஐக் கழித்துப் பாதியாக்கியது. வலக்கை வீழல் அணி, கூட்டிப் பாதியாக்கியது. காமா-0 அணி காமா-5 உடன் எதிர்ப்பரிமாற்று உடையது என்பதால், ஒரு புலத்தின் பாரை எடுக்கும்போது வீழல் அணி தன் வகையை மாற்றிக்கொள்கிறது. அதாவது எ-இயின் பாரில், வலப்பக்கத்தில் வந்து அமர்வது வலக்கை வீழல் அணி.

இதன் விளைவை ஒருமுறை எழுதிப் பாருங்கள். எ-இ-பார் × எ-இ என்பதில் வலக்கை வீழலும் இடக்கை வீழலும் அடுத்தடுத்து நிற்கும். அவற்றின் பெருக்கல் சுழி. ஆகவே நிறை உறுப்பில் மிஞ்சுவது எ-இ-பார் × எ-வ என்பதும் அதன் ஹெர்மிஷியன் இணையான எ-வ-பார் × எ-இ என்பதும் மட்டுமே. இயக்க உறுப்பிலோ நடுவில் ஒரு காமா அணி இருப்பதால் நிலைமை தலைகீழாகிறது: அங்கே இடக்கை இடக்கையோடும் வலக்கை வலக்கையோடும் சேர்கின்றன.

மொத்தச் சிக்கலும் இந்தப் படியில்தான் இருக்கிறது. இயக்க உறுப்பு இரு கைகளையும் தனித்தனியே விட்டுவிடுகிறது. அதனால் அவற்றுக்கு வெவ்வேறு கேஜ் மாற்றங்கள் இருப்பதில் தடையில்லை. நிறை உறுப்போ இரண்டையும் இணைக்கிறது. எனவே இரண்டும் ஒரே மாதிரி மாறியே ஆக வேண்டும்.

கைத்தன்மையையும் ஹெலிசிட்டியையும் இங்கே குழப்பிக்கொள்ளாதீர்கள். ஹெலிசிட்டி என்பது துகளின் தற்சுழற்சி (ஸ்பின்), உந்தத்தின் திசையில் எவ்வளவு இருக்கிறது என்பது. நிறையுள்ள துகளை முந்திச் செல்லும் நோக்கருக்கு அது திரும்பிவிடும். கேஜ் மின்னூட்டம் நோக்கரைப் பொறுத்து மாற முடியாது. அது கைத்தன்மையோடு ஒட்டியது.

4. மின்னூட்டங்களை ஒரே மரபில் எழுதிக்கொள்ளுதல்

மெல்விசையின் எஸ்யு(2) கேஜ் குழு டப்ளெட்டின் இரு உறுப்புகளையும் ஒன்றோடொன்று கலக்கும், சிங்லெட்டை அசைக்காது. டப்ளெட்டின் மேல் உறுப்புக்கு மூன்றாம் ஐசோஸ்பின் 1/2, கீழ் உறுப்புக்கு −1/2, சிங்லெட்டுக்குச் சுழி. ஹைப்பர்சார்ஜ் என்பது இன்னொரு கேஜ் மின்னூட்டம்; புலம் பெறும் கட்டத்தை அது தீர்மானிக்கிறது. மின்னூட்டம் = மூன்றாம் ஐசோஸ்பின் + ஹைப்பர்சார்ஜ் என்ற மரபைப் பயன்படுத்துகிறேன். அதன்படி ஹைப்பர்சார்ஜ் மதிப்புகள்:

லெ (டப்ளெட்): −1/2
எ-வ (சிங்லெட்): −1
கு (டப்ளெட்): 1/6
மே-வ (சிங்லெட்): 2/3
கீ-வ (சிங்லெட்): −1/3
ஹி (டப்ளெட்): 1/2

குவார்க்குகள் அனைத்தும் நிறக் குழுவான எஸ்யு(3)-இன் கீழ் மும்மைகள். லெப்டான்களுக்கும் (எலக்ட்ரான், நியூட்ரினோ வகை) ஹிக்ஸ் புலத்துக்கும் நிறம் இல்லை. எழுதி முடித்ததும் மின்னூட்டத்தைக் கூட்டிப் பாருங்கள்: மேல் குவார்க்குக்கு 1/2 + 1/6 = 2/3, கீழ் குவார்க்குக்கு −1/2 + 1/6 = −1/3 என்று வர வேண்டும்.

சில நூல்களில் ஹைப்பர்சார்ஜின் பாதியைத்தான் ஐசோஸ்பினோடு கூட்டுவார்கள்; அங்கே மேலுள்ள எண்கள் எல்லாம் இரட்டிப்பாக இருக்கும். எந்த மரபும் சரிதான், இரண்டையும் கலப்பதுதான் ஆபத்து. ஒரு மாணவர் ஹிக்ஸின் மதிப்பை ஒரு நூலிலிருந்து 1 என்றும், மற்றவற்றை வேறொரு நூலிலிருந்து −1/2, −1 என்றும் எடுத்துக்கொண்டு, கூட்டுத்தொகை 1/2 வருகிறது, ஆகவே எலக்ட்ரானுக்கு ஹிக்ஸ் வழியாகவும் நிறை வர முடியாது என்று ஒரு முழு மாலை என்னோடு வாதிட்டார். கணக்கில் பிழையே இல்லை. அட்டவணைதான் இரண்டு வீட்டுச் சொத்து.

5. ஹைப்பர்சார்ஜ் கூட்டல்

பார் போட்ட புலத்தின் ஹைப்பர்சார்ஜ் குறி மாறும். எ-இ-பார் × எ-வ என்பதற்கு 1/2 + (−1) = −1/2. சுழி வரவில்லை, ஆகவே உறுப்பு மாறுகிறது.

இது வெறும் எண்ணாக நின்றுவிடாமல் இருக்க, ஹைப்பர்சார்ஜ் கோணத்தைப் பை (180 பாகை) என்று வைத்துப் பாருங்கள். எ-இ-பார் 90 பாகை கட்டத்தைப் பெறுகிறது, எ-வ −180 பாகையைப் பெறுகிறது. மொத்தம் −90 பாகை. அதாவது உறுப்பு, கற்பனை அலகின் எதிர்மத்தால் பெருக்கப்படுகிறது. அதன் ஹெர்மிஷியன் இணை கற்பனை அலகால் பெருக்கப்படுகிறது. இரண்டையும் கூட்டினால் பழைய நிறை உறுப்பு திரும்பி வராது.

"அந்தக் கட்டத்தை வலக்கைப் புலத்துக்குள் உள்வாங்கிவிடலாமே" என்ற கேள்வி இங்கே எழும், நல்ல கேள்விதான். ஒரு மாறிலிக் கட்டத்தைப் புலத்தை மறுவரையறை செய்து நீக்கலாம். ஆனால் கேஜ் கோணம் ஒவ்வொரு புள்ளியிலும் வேறாக இருக்கலாம் என்பதால், அப்படி நீக்கும் மறுவரையறையும் இடத்துக்கு இடம் மாறும். உடனே வலக்கைப் புலத்தின் இயக்க உறுப்பில் புதிய வகைக்கெழு உறுப்புகள் முளைத்துவிடும். ஒரு பக்கம் அடைத்த ஓட்டை மறுபக்கம் திறக்கிறது.

6. டப்ளெட் சோதனை

ஹைப்பர்சார்ஜ் சோதனையில் தோற்ற உறுப்பை மறுபடி ஏன் சோதிக்க வேண்டும் என்று தோன்றலாம். எஸ்யு(2) சோதனை தனியானது. ஒன்றில் தேறி மற்றொன்றில் தோற்கும் உறுப்புகளும் உண்டு என்பதால் இரண்டையும் செய்யும் பழக்கம் வேண்டும்.

முதல் அச்சைச் சுற்றி 180 பாகை எஸ்யு(2) சுழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அணி, முதல் பௌலி அணியைக் கற்பனை அலகின் எதிர்மத்தால் பெருக்கியது. இது டப்ளெட்டின் மேல் உறுப்பையும் கீழ் உறுப்பையும் இடம் மாற்றுகிறது: எ-இ இருந்த இடத்துக்கு, ஒரு கட்டத்தோடு, இடக்கை நியூட்ரினோ வந்துவிடுகிறது. எ-வ சிங்லெட் என்பதால் அசையாமல் நிற்கிறது. எ-இ-பார் × எ-வ என்று எழுதியது இப்போது நியூட்ரினோ-பார் × எ-வ ஆகிவிட்டது.

இந்தப் புதிய உறுப்பு மின்னூட்டத்தைக்கூடக் காக்கவில்லை. எலக்ட்ரானை நியூட்ரினோவாக மாற்றிவிட்டு −1 மின்னூட்டத்தைக் காணாமல் போக்குகிறது. "மாறாமை இல்லை" என்ற சொற்றொடர் சொல்லித் தராததை இந்த ஒரு சுழற்சி சொல்லித் தரும். அதனால்தான் பொதுவான கோணத்தில் தொடங்காமல் இந்தக் குறிப்பிட்ட கோணத்தில் செய்யச் சொல்கிறேன்.

7. ஹிக்ஸ் டப்ளெட்டைச் சேர்த்தல்

நமக்கு இப்போது தேவையானது எது என்பது முந்தைய இரு படிகளிலிருந்தே தெரிகிறது: ஹைப்பர்சார்ஜ் 1/2 உள்ள, டப்ளெட்டான, ஸ்பினார் குறி (index) இல்லாத ஒரு புலம். ஸ்பினார் குறி ஏன் இருக்கக்கூடாது என்றால், லெ-பாரும் எ-வயும் தமக்குள் ஏற்கெனவே லோரன்ட்ஸ் மாறிலியாகச் சேர்ந்துவிட்டன. ஹிக்ஸ் புலம் இந்த மூன்று நிபந்தனைகளையும் நிறைவு செய்கிறது.

லெ-பார் × ஹி × எ-வ என்று எழுதுங்கள். ஹைப்பர்சார்ஜ்: 1/2 + 1/2 − 1 = 0. எஸ்யு(2): ஹி ஒரு யூனிட்டரி அணியால் இடப்புறம் பெருக்கப்படுகிறது, லெ-பார் அதே அணியின் ஹெர்மிஷியன் இணையால் வலப்புறம் பெருக்கப்படுகிறது, நடுவில் இரண்டும் நீங்கிவிடுகின்றன. ஆறாம் படியின் சுழற்சியை இதற்கும் செய்து பாருங்கள். உறுப்பு அப்படியே திரும்பி வரும். பரிமாணம் 3/2 + 1 + 3/2 = 4; ஆகவே முன்னால் நிற்கும் யுகாவா மாறிலிக்கு அலகு இல்லை.

எந்தக் குறி எதோடு சேர்கிறது என்பதில் தெளிவு வேண்டும். டப்ளெட் குறிகள் லெ-பாருக்கும் ஹிக்கும் இடையே. ஸ்பினார் குறிகள் லெ-பாருக்கும் எ-வக்கும் இடையே. குவார்க்குகளுக்கு வரும்போது நிறக் குறிகள் கு-பாருக்கும் வலக்கைக் குவார்க்குக்கும் இடையே. மூன்றுக்கும் மூன்று வண்ணப் பேனா எடுத்துக்கொண்டு கோடு போட்டால் பிழை வராது. சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினாலும் நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

8. கீழ் குவார்க் எளிது, மேல் குவார்க்கில் கவனம் தேவை

கு-பார் × ஹி × கீ-வ: −1/6 + 1/2 − 1/3 = 0. தேறியது.

அதே வடிவில் கு-பார் × ஹி × மே-வ என்று எழுதினால் −1/6 + 1/2 + 2/3 = 1. தோற்றது. இதற்கு ஹைப்பர்சார்ஜ் −1/2 உள்ள டப்ளெட் வேண்டும். ஹியின் கலப்பெண் இணைக்கு −1/2 இருக்கிறது. ஆனால் அதை அப்படியே போடுவதுதான் அடுத்த பொதுப் பிழை. கலப்பெண் இணை எடுத்தால் எஸ்யு(2) அணியும் இணையாகிவிடும். லெ-பாரில் செய்தது போலக் கு-பாரில் உள்ள அணியோடு அது நீங்காது.

தீர்வு இரண்டாம் பௌலி அணியில் இருக்கிறது. எந்தப் பௌலி அணியின் கலப்பெண் இணையையும் இரண்டாம் பௌலி அணியால் இருபுறமும் பெருக்கினால் அதே அணி எதிர்க்குறியோடு திரும்பும். ஆகவே கற்பனை அலகு × இரண்டாம் பௌலி அணி × ஹியின் கலப்பெண் இணை என்ற சேர்க்கை, ஹியைப் போலவே டப்ளெட்டாகச் சுழல்கிறது; ஹைப்பர்சார்ஜ் மட்டும் −1/2. இதை ஹி-டில்டா என்பார்கள். கு-பார் × ஹி-டில்டா × மே-வ: −1/6 − 1/2 + 2/3 = 0.

ஒரே ஹிக்ஸ் டப்ளெட் இரு வகைக் குவார்க்குகளுக்கும் போதுமானது இந்த வசதியால்தான். இது எஸ்யு(2)-க்கே உரிய சிறப்பு. மீச்சமச்சீர் கோட்பாடுகளில் கலப்பெண் இணையைச் சூப்பர்பொட்டென்ஷியலில் (அங்கே யுகாவா உறுப்புகளைத் தரும் சார்பு) பயன்படுத்த முடியாது. அங்கே இரண்டு ஹிக்ஸ் டப்ளெட்டுகள் வேண்டியிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

9. இப்போதுதான் வெற்றிட மதிப்பு

முழு உறுப்பும் கேஜ் மாறாதது என்று உறுதியான பிறகே ஹிக்ஸ் புலத்தின் வெற்றிட மதிப்பை (துகள் எதுவும் இல்லாத நிலையிலும் புலம் கொண்டிருக்கும் மதிப்பு) இடுங்கள். முதலிலேயே இட்டுவிட்டால் உங்கள் கையில் இருப்பது எ-இ-பார் × எ-வ மட்டும். அது மாறாமையை எங்கிருந்து பெற்றது என்பதே தெரியாமல் போகும். கேஜ் மாறாமை "உடைந்து" லக்ராஞ்சியனைவிட்டுப் போய்விடவில்லை. லக்ராஞ்சியன் முன்போலவே மாறாதது, வெற்றிடம்தான் ஒரு திசையைத் தேர்ந்துகொண்டிருக்கிறது.

யூனிட்டரி கேஜில் ஹியின் மேல் உறுப்பு சுழி. கீழ் உறுப்பு, 246 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டோடு ஹிக்ஸ் போசான் புலத்தைக் கூட்டி 2-இன் வர்க்கமூலத்தால் வகுத்தது. கீழ் உறுப்பின் மின்னூட்டம் −1/2 + 1/2 = 0 என்பதால் மின்காந்தச் சமச்சீர் தப்பிக்கிறது. ஹி-டில்டாவில் இதே மதிப்பு மேல் உறுப்புக்கு ஏறிவிடுகிறது. மேல் குவார்க்குக்கு நிறை கிடைப்பது அதனால்.

நிறை = யுகாவா மாறிலி × 246 ÷ 2-இன் வர்க்கமூலம், அதாவது யுகாவா மாறிலி × ஏறக்குறைய 174 ஜிகா எலக்ட்ரான்வோல்ட். எலக்ட்ரானின் 0.511 மெகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு யுகாவா மாறிலி ஏறக்குறைய 0.0000029. டாவ் லெப்டானின் 1.777 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு 0.0102. டாப் குவார்க்கின் ஏறக்குறைய 173 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மதிப்பு 1-ஐத் தொட்டுவிடுகிறது. இந்த எண்களைக் கேஜ் மாறாமை தீர்மானிப்பதில்லை; அது உறுப்பின் வடிவத்தை மட்டுமே சொல்கிறது, எண்களை நாம் அளந்துதான் இட வேண்டும்.

அதே அடைப்புக்குள் 246-உடன் ஹிக்ஸ் போசான் புலமும் இருப்பதைக் கவனியுங்கள். ஃபெர்மியான் ஹிக்ஸ் போசானோடு இணையும் வலிமை, நிறை ÷ 246 என்று தானாகக் கிடைக்கிறது. இது சோதிக்கக்கூடிய கூற்று. செர்ன் ஆய்வகத்தில் ஹிக்ஸ் போசான் 2012-இல் கண்டறியப்பட்ட பிறகு, டாப் குவார்க் இணையோடு சேர்ந்து அது உருவாவதும், பாட்டம் குவார்க் இணையாக அது சிதைவதும் 2018-இல் உறுதிசெய்யப்பட்டன.

10. மூன்று தலைமுறைகள்

இதுவரை ஒரு தலைமுறைதான். மூன்றையும் சேர்த்தால் யுகாவா மாறிலி 3×3 கலப்பெண் அணியாகிறது. கேஜ் மாறாமை அதன் மேல் எந்தக் கட்டுப்பாடும் விதிப்பதில்லை. அந்த அணி ஹெர்மிஷியனாக இருக்க வேண்டியதில்லை என்பதால், ஐகன் மதிப்புகளை எடுத்து நிறை என்று எழுதக் கூடாது. இடக்கைப் புலங்களுக்கு ஒரு யூனிட்டரி அணி, வலக்கைப் புலங்களுக்கு வேறொரு யூனிட்டரி அணி என்று இருபுறமும் சுழற்றி மூலைவிட்டமாக்க வேண்டும்.

மேல் வகைக் குவார்க்குகளுக்கும் கீழ் வகைக் குவார்க்குகளுக்கும் தேவைப்படும் இடக்கைச் சுழற்சிகள் வெவ்வேறு. அந்த வேறுபாடே டபிள்யூ போசான் இணைப்பில் தங்கிவிடும் கபிப்போ–கோபயாஷி–மஸ்கவா அணி. அதில் மூன்று கோணங்களும் ஒரு கட்டமும் மிஞ்சுகின்றன.

11. நியூட்ரினோவுக்கு அதே படிகள்

மேலே உள்ள அட்டவணையில் வலக்கை நியூட்ரினோ இல்லை. ஆகவே லெ-பார் × ஹி-டில்டா × என்று எழுதத் தொடங்கினால் கடைசி இடம் காலியாக நிற்கும். இடக்கை நியூட்ரினோவைத் தன்னோடு தானே இணைக்கும் மயோரானா நிறையை எழுதினால், பார் இல்லாத இரு புலங்களின் ஹைப்பர்சார்ஜ் கூடி −1 ஆகும், அதுவும் தோற்கிறது. ஆனால் நியூட்ரினோ அலைவுகள் 1998-இல் சூப்பர் காமியோகாண்டே ஆய்விலேயே வெளிப்பட்டன, நிறை இருக்கிறது.

வழி ஒன்று: வலக்கை நியூட்ரினோவைச் சேர்ப்பது. லெ-பார் × ஹி-டில்டா கொடுக்கும் ஹைப்பர்சார்ஜ் 1/2 − 1/2 = 0 என்பதால் அதற்கும் ஹைப்பர்சார்ஜ் சுழியாக வேண்டும். எல்லா கேஜ் மின்னூட்டங்களும் சுழி என்றால், அதற்குத் தனியே மயோரானா நிறை எழுதவும் தடையில்லை. பலர் மறந்துவிடும் உறுப்பு இது. மறந்தால் நீங்கள் லெப்டான் எண் காப்பை அறியாமலேயே திணித்துவிட்டீர்கள் என்று பொருள்.

வழி இரண்டு: புதுப் புலம் எதுவும் இல்லாமல், லெ இரண்டையும் ஹி இரண்டையும் சேர்ப்பது. ஹைப்பர்சார்ஜ் −1/2 − 1/2 + 1/2 + 1/2 = 0. கேஜ் சோதனையில் தேறுகிறது, ஆனால் பரிமாணம் 5. எனவே ஒரு பெரிய ஆற்றல் அளவால் வகுத்தாக வேண்டும். ஸ்டீவன் வைன்பெர்க் 1979-இல் சுட்டிக்காட்டிய உறுப்பு இது. நியூட்ரினோ நிறை 0.05 எலக்ட்ரான்வோல்ட் என்றும் முன்னிற்கும் எண் 1-ஐ ஒட்டியது என்றும் வைத்துக்கொண்டு, 246-இன் இருபடியை அதனால் வகுத்துப் பாருங்கள். எலக்ட்ரான்வோல்ட்டை ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டாக மாற்ற மறக்காவிட்டால், விடை 10-இன் 15-ஆம் அடுக்கு ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டை ஒட்டி வரும்.